பாய்மரப் படகில் டிங்கியை எங்கே வைப்பது?

பினாங்கு ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறை பக்கம் சின்னப் பாய்மரப் படகு வைத்திருக்கிறீர்களா? கரைக்குப் போய்வர உதவும் காற்றடைக்கும் குட்டிப் படகான டிங்கியைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் போகாதீர்கள். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் திடீரென வீசும் பலத்த காற்றில் டிங்கி கவிழ்ந்துவிடலாம். கிளம்பும் முன்பே காற்றை இறக்கிவிடுங்கள்.

நல்ல தண்ணீரில் உப்பையும் மணலையும் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு இதுதான் ரொம்ப முக்கியம், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். வால்வு இல்லாத முனையிலிருந்து சுருட்டினால் மிச்சக் காற்றும் வெளியேறும். அப்புறம் பாய்மரத்துக்கு முன்னால் தளத்தில் வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். முன் அறையின் மேல்கதவை மட்டும் மறைக்கவே கூடாது, அவசரத்தில் அதுதான் வெளியேறும் வழி. பிவிசி டிங்கி என்றால் துணி உறை கட்டாயம். வெயில் சீக்கிரம் கெடுத்துவிடும். பம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.