வேன் ஏசியை சோலாரில் ஓட்டுவது எப்படி? (நடுராத்திரி வேர்க்க வைத்த ஒரு கேபிள் லக்கின் கதையோடு)

கத்திரி வெயிலில் தண்டையார்பேட்டைத் தெருவில் ஒரு மணி நேரம் நின்ற வேனுக்குள் ஏறியவருக்கு, ஏசி எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மச்சானின் பழைய டெம்போ டிராவலரில் சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டு, இன்ஜினை நிறுத்திய பிறகும் ஏசி ஓடும்படி செய்திருக்கிறோம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்; அதை முதலில் முடித்துவிடுங்கள். கூரையில் பேனல் பொருத்தும் வேலைக்கு யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஏசியிலிருந்து தொடங்குங்கள்

பேனலை வாங்கிவிட்டு ஏசி தேடுகிறவர்கள்தான் அதிகம். தப்பு. ஏசி எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் முடிவாகும். எங்களுடையது 1 டன் இன்வெர்ட்டர் ஏசி. சாதாரண ஏசியின் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் கேட்கும். இன்வெர்ட்டர் வகை மெதுவாக ஏறும். முதல் அரை மணி 1,000 வாட் வரை போய், குளிர்ந்தபின் 400, 500-க்கு இறங்கிவிடும். ஒரு ராத்திரிக்கு, அதாவது 8 மணி நேரத்துக்கு, சுமார் 4 யூனிட். கூரைக்கும் பக்கத் தகடுகளுக்கும் உள்ளே வெப்பம் தடுக்கும் நைட்ரைல் ஃபோம் ஒட்டியதால்தான் இந்தக் கணக்கு. வெறும் தகடு என்றால் கம்ப்ரஸர் இறங்கவே இறங்காது.

படி 2: பேட்டரி

வீட்டு யூ.பி.எஸ்.ஸின் டியூபுலர் பேட்டரி போதாதா என்று கேட்பீர்கள். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருக்கும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். நம் கணக்குக்கு ஆறு தேவை, 300 கிலோவைத் தாண்டும். 280 ஏ.ஹெச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் எட்டைச் சீரியஸில் போட்டால் 25.6 வோல்ட், 7 யூனிட்டுக்கு மேல். செல்களின் எடை 45 கிலோவுக்குள். செல்கள் அளவுக்கு மீறி ஏறாமல், இறங்காமல் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள்.

12 வோல்ட் அமைப்பே வேண்டாம் என்பது என் கட்சி. பேட்டரி கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டி தின்னும் நஷ்டத்தையும் சேர்த்தால், 1,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். 24-இல் அதில் பாதிதான், கேபிள் சூடாவதும் குறையும்.

படி 3: பேனல்

540 வாட் பேனல் இரண்டு, சீரியஸில். சென்னையில் கூரையோடு படுக்க வைத்தாலும் பெரிய நஷ்டமில்லை. நல்ல வெயில் நாளில் 4 யூனிட் சொச்சம் தேறும். எண்ணூர், மணலி பக்கம் நிறுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை துடைத்தே ஆக வேண்டும். துணி கறுப்பாகத்தான் வரும்.

படி 4: கேபிள், லக்

லக் என்பது கேபிள் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக வளையம். என்னைக் கவிழ்த்தது இதுதான். பழவேற்காட்டில் முதல் ராத்திரி. பேட்டரி முக்கால்வாசி நிறைந்திருந்தது. பதினொன்றரை மணிக்கு இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்தது. ‘பேட்டரி லோ’ என்று காட்டியது. பத்து நிமிடம் கழித்துப் போட்டால் ஓடும், கம்ப்ரஸர் வேகமெடுத்ததும் மறுபடி நிற்கும். செல் விற்றவரைத் திட்டினேன், பி.எம்.எஸ்.ஸைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் காசிமேட்டில் படகுகளுக்கு வயரிங் செய்யும் அண்ணன் ஒருவர், “பேட்டரிய விடு தம்பி, லக்குல கை வெச்சுப் பாரு” என்றார். வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு.

ஏசி முழு வேகத்தில் ஓடும்போது மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து இரண்டு இடத்தில் பாருங்கள். பேட்டரி முனையில் எனக்கு 25.9. இன்வெர்ட்டர் முனையில் 22.9. என் இன்வெர்ட்டர் 23-க்குக் கீழே போனால் நின்றுவிடும். நடுவில் காணாமல் போன 3 வோல்ட்டை 50 ஆம்பியரால் பெருக்கினால் 150 வாட், அத்தனையும் கேபிளிலும் லக்கிலும் வெறும் சூடாகப் போயிருக்கிறது. லோடு இல்லாதபோது இரண்டு இடத்திலும் ஒரே எண்தான் காட்டும். அதனால்தான் எனக்கு இரண்டு வாரம் போனது.

எங்கே என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையை லக்கின் மேலும் இன்னொன்றை அதே கேபிளின் செம்பிலும் வையுங்கள். நல்ல ஜாயிண்டில் சில மில்லிவோல்ட்தான் வரும். நான் சுத்தியலால் தட்டி நசுக்கிய லக்கில் முக்கால் வோல்ட் வந்தது. உள்ளே உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்திருந்தது.

பேனல் பிரேக்கரை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். 10 சதுர மி.மீ. கேபிள் போய் 35 வந்தது. இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே நகர்த்தினேன். வெள்ளீயம் பூசிய லக், அதை அழுத்தி நசுக்க ஹைட்ராலிக் கிரிம்பர், மேலே சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். கிரிம்பரை ஒருநாள் இரவல் வாங்கினாலும் போதும், சுத்தியல் மட்டும் வேண்டாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். இப்போது 0.2 வோல்ட்தான் வித்தியாசம்.

பிற்சேர்க்கை: பேட்டரி கேபிளைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்று பின்னூட்டத்தில் இருவர் கேட்டிருந்தார்கள். மலிவு மீட்டர்கள் பல ஏ.சி. கரண்ட்டை (வீட்டு பிளக்கில் வரும் மாறுமின்னோட்டத்தை) மட்டுமே அளக்கும்; பேட்டரி கேபிளில் ஓடுவது டி.சி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது டி.சி. ஆம்பியர் உண்டா என்று கேட்டு, கடையிலேயே சோதித்து வாங்குங்கள்.

இன்னொருவர் ஊட்டிக்குப் போகிறாராம், 100 வோல்ட் வரை தாங்கும் எம்.பி.பி.டி. (பேனலிலிருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கண்ட்ரோலர்) வைத்திருக்கிறார். மாற்றிவிட்டுப் போங்கள். என் பேனலின் ஓப்பன் சர்க்யூட், அதாவது லோடு இல்லாதபோது வரும் வோல்ட், 49.5, இரண்டு சேர்ந்தால் 99. அது 25 டிகிரிக்கான கணக்கு. குளிரக் குளிர வோல்ட் ஏறும். 5 டிகிரி விடியலில் 104-ஐத் தொடும். நான் 150 வோல்ட் தாங்குவதைத்தான் போட்டிருக்கிறேன்.