குச்சிப்பூச்சி வளர்ப்பு: முதலில் கூண்டின் உயரத்தைப் பாருங்கள்

வாடிய இலையை மாற்றுங்கள், கூண்டைச் சுத்தமாக வையுங்கள் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். குச்சி போலவே தோற்றமளிக்கும், இலை தின்னும் இந்தப் பூச்சியைப் புதிதாக வளர்ப்பவர்கள் காட்டும் கூண்டுகளில் என் பழைய குளறுபடிகளே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன.

தாழ்வான கூண்டு

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். வீட்டில் சும்மா கிடக்கும் மீன்தொட்டியில் நாலு கிளையைப் போட்டுப் பூச்சியை விட்டுவிடுகிறார்கள். தொட்டி நீளமாக இருக்கிறது, உயரம் இல்லை. குச்சிப்பூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் தோலுரிக்கும். பழைய தோல் பிளந்ததும் உடல் கீழ்நோக்கி வழுக்கி வெளியே வரும். அதற்கு இடம் வேண்டாமா? வளர்ந்த பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு உயரமாவது வேண்டும் என்பது வளர்ப்போர் கணக்கு. 10 செ.மீ. பூச்சிக்கு 30 செ.மீ. வாங்கும்போது இருக்கும் குஞ்சை வைத்து அளக்காதீர்கள்.

இடம் போதாவிட்டால் தலை தரையில் முட்டும். புதிய மெல்லுடல் வளைந்தபடியே இறுகிவிடும். தெரிந்தவர் ஒருவரின் பூச்சி இப்படிப் பாதித் தோலில் சிக்கியது. அவர் இரக்கப்பட்டு இடுக்கியால் இழுத்தார். தோலோடு இரண்டு கால்களும் வந்துவிட்டன. இளம்பூச்சியாக இருந்தால் அடுத்தடுத்த தோலுரிப்பில் கால் மெல்ல முளைத்திருக்கும். அதுவோ கடைசித் தோலுரிப்பு. “நன்றாகத்தானே தின்றுகொண்டிருந்தது” என்று என்னிடமே கேட்டார். தீனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உயரம் இருந்தும் கெடுப்பவர்கள் உண்டு. இலைக்கொத்தை மூடிவரை திணித்துவிட்டால் பூச்சி எங்கே தொங்கும்? மேல்மூடி வலையாக இருந்தால் காலுக்கு நல்ல பிடி கிடைக்கும். காற்று வறண்டாலும் தோல் ஒட்டிக்கொள்ளும். மாலையில் இலைமேல் லேசாக நீர் தெளியுங்கள், குடிப்பதற்கும் அந்தத் துளிகள்தான். தோலுரிக்குமுன் பூச்சி தின்னாமல், அசையாமல் தொங்கும். நோய் என்று பயந்து தட்டி எழுப்பாதீர்கள். உரித்த தோலைப் பெரும்பாலும் அதுவே தின்றுவிடும், எடுத்தெறிய அவசரப்பட வேண்டாம்.

திறந்த தண்ணீர்க் குவளை

இலை வாடாதிருக்கக் கிளையைச் செருகி வைக்கும் குவளையில் குஞ்சுகள் விழுந்து சாகும். கிளை செருகியபின் வாயைப் பஞ்சால் அடையுங்கள்.

மருந்தடித்த இலை

பூங்கொத்தில் வரும் இலையைக் கழுவிக் கொடுத்தாலும் நம்ப முடியாது.

காலைப் பிடித்துத் தூக்குவது

கழன்றுவிடும்.

முட்டைகளை வெளியே கொட்டுவது

“ஒன்றுதானே வளர்க்கிறேன், பெருகாது” என்பார்கள். இந்தியக் குச்சிப்பூச்சி என்ற இனத்துக்கு ஆணே தேவையில்லை. ஒரு பெண் தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். விதை போன்ற அந்த முட்டைகள் எச்சத்தோடு கலந்து கிடப்பதால், கூட்டிப் பெருக்கித் தோட்டத்தில் கொட்டிவிடுகிறார்கள். சில மாதங்களில் அவை பொரியும். கலிபோர்னியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்தப் பூச்சி இப்படித் தப்பிப்போய்த் தோட்டச் செடிகளைத் தின்று வாழ்கிறது. வளர்க்க முடிந்த அளவுக்கு மட்டும் முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, மீதியை எச்சத்தோடு சேர்த்து உறைபெட்டியில் சில நாள் வைத்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள்.