கழித்துப்போட்ட பட்டறை மேசையைப் பழைய மரத்தால் சீரமைப்பது எப்படி?

பழைய பட்டறை மேசை கைக்கு வந்ததும் பலரும் முதலில் மேல்பலகையைத் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. கால்களை இணைக்கும் சட்டம் ஆடினால், மேலே எவ்வளவு நல்ல பலகை போட்டாலும் இழைப்புளியைத் தள்ளும்போது மேசையும் கூடவே நகரும், ரம்பம் கோட்டை விட்டு விலகும். முதலில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், அழகெல்லாம் பிறகுதான்.

தேவையான கருவிகள்: ரம்பம், 12 மற்றும் 25 மி.மீ. உளிகள், கொட்டாப்புளி, இழைப்புளி, மூலமட்டம், ரசமட்டம், டிரில், குறடு, ஒரு நல்ல காந்தம், குறைந்தது நான்கு நீளமான கிளாம்ப்கள்.

1. எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள்

ஸ்குரூ டிரைவர் முனையால் கால்களின் அடிப்பகுதி, சட்டம் காலோடு சேரும் இடம், மேல்பலகையின் அடிப்பக்கம் மூன்றையும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை தடம் மட்டுமே போடும். மெத்தென்று உள்ளே இறங்கினால் அது மக்கிப்போன மரம்.

சிறிய வட்டத் துளைகள் இருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். துளைகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கீழே கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு மூன்று வாரம் விடுங்கள். புதிதாக வெளிர்நிற மாவு கொட்டியிருந்தால் உளு தின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பூச்சி எல்லாக் காலத்திலும் மாவு தள்ளாது. சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டையைக் கழித்துவிடுவதே நல்லது.

அடுத்து, மேசையின் ஒரு முனையைப் பிடித்து நீளவாக்கில் தள்ளி இழுங்கள். இன்னொருவர் குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கட்டும். எந்த இணைப்பில் இடைவெளி திறந்து மூடுகிறதோ, அங்கே சாக்பீஸால் குறியிடுங்கள். பிரிப்பதற்கு முன் எல்லாத் துண்டுகளுக்கும் எண் போட மறக்கக் கூடாது.

2. பழைய மரத்தைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்தல்

பழைய கதவு நிலை, உத்தரம், கூரைக் கைமரம் எல்லாம் இதற்கு அருமையானவை. பல ஆண்டு காய்ந்திருப்பதால் இனி அதிகம் முறுக்காது. தவிர்க்க வேண்டியவை: கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறிய ரயில் கட்டைகள், எம்.பி. (MB) என்ற முத்திரை உள்ள, சரக்கு அடுக்கும் பேலட் பலகைகள் (மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியவை), மக்காமலிருக்க மருந்து ஏற்றிப் பச்சைச் சாயல் படிந்த மரம் (ஆர்சனிக் இருக்கலாம்). மிகப் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

ஆணிகளைப் பிடுங்கிய பிறகும் காந்தத்தை ஒவ்வொரு பக்கத்திலும் மெதுவாக ஓட்டுங்கள். தலை ஒடிந்த ஆணி மரத்துக்குள் புதைந்திருக்கும். இழைப்புளி அலகு அதில் பட்டால் நெடுநேரம் தீட்ட வேண்டியிருக்கும். மணலும் அலகை அதே அளவு கெடுக்கும், கம்பிப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு மரங்களுக்கு இடையே 2 செ.மீ. குச்சிகள் வைத்து அடுக்கி, மேசை இருக்கப்போகும் அறையிலேயே சில வாரம் விடுங்கள்.

3. கால்கள்

அடி மக்கிய காலை முழுதாக மாற்றத் தேவையில்லை. நல்ல மரம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே வெட்டிவிட்டு, காலின் முனையிலும் புதுத் துண்டின் முனையிலும் பாதித் தடிமனை வெட்டி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பொருத்துங்கள். 75 மி.மீ. காலுக்கு, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம் 20 முதல் 25 செ.மீ. வேண்டும். பசை பூசி, 10 மி.மீ. போல்ட் இரண்டை வாஷரோடு முடுக்குங்கள். இரண்டு போல்ட்டும் ஒரே ரேகையில் (மரத்தின் நார் ஓடும் வரியில்) வந்தால் கால் பிளக்கும், சற்று விலக்கிப் போடுங்கள். வெட்டு முகங்களை நேருக்கு நேர் ஒட்டி ஸ்குரூ போட்டால் போதாதா என்று தோன்றும். போதாது, ரேகை குறுக்கே வெட்டுப்பட்ட முனையில் பசை நிற்காது.

உயரத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம் இழைக்கும் வேலைக்குப் பொருந்தும்.

4. இணைப்புகள்

மேசையின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். கழுந்தை, அதாவது காலின் துளைக்குள் செருகியிருக்கும் சட்டக் கட்டையின் மெலிந்த முனையை, துளையிலிருந்து கொட்டாப்புளியால் தட்டி எடுங்கள். அடிபடும் இடத்தில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய பசையை வெதுவெதுப்பான தண்ணீரோ வினிகரோ தொட்டு ஊறவைத்து உளியால் சுரண்டுங்கள். பசை மட்டும்தான் போக வேண்டும், மரம் போகக் கூடாது. பழைய பசை மேல் புதுப் பசை ஒட்டாது. நனைந்த இடம் நன்றாகக் காயும்வரை அடுத்த வேலையைத் தொடாதீர்கள்.

கழுந்து தளர்வாக இருந்தால் இடைவெளியை மரப்பசையால் நிரப்ப நினைக்காதீர்கள். சாதாரண வெள்ளைப் பசை தடிமனாக நின்றால் பிடிமானம் தராது. கழுந்தின் இரு கன்னங்களிலும் (அகலமான பக்கங்களிலும்) மெல்லிய மரச் சீவலை ஒட்டி, காய்ந்தபின் சீவிச் சீவி அளவுக்குக் கொண்டுவாருங்கள். கையால் அழுத்திப் பாதி நுழைந்து, மீதி லேசாகத் தட்டினால் இறங்க வேண்டும்.

பெரிய கிளாம்ப் இல்லாதவர்களுக்கு மரமுளை முறை சிறந்தது. காலில் துளையின் குறுக்கே 10 மி.மீ. ஓட்டை போடுங்கள். கழுந்தை முழுதாகச் செருகி, ஓட்டை வழியே அதன் மேல் மையத்தைக் குறியுங்கள். கழுந்தை வெளியே எடுத்து, குறியிலிருந்து தோள் (கழுந்து தொடங்கும் இடத்தில் காலோடு முட்டி நிற்கும் படி) பக்கமாக 1.5 மி.மீ. தள்ளி ஓட்டை போடுங்கள். முனை கூரான முளையை அடிக்கும்போது இரண்டு ஓட்டைகளும் நேராக முயல்வதால் தோள் காலோடு இறுகிப் போகும். எதிர்ப்பக்கம் தள்ளி ஓட்டை போட்டுவிட்டால் இணைப்பு திறந்துகொள்ளும். அடிப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். 3 மி.மீ. தள்ளினால் முளையே முறியலாம்.

எல்லாம் இறுகியபின் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால், பசை காயும் முன் நீண்ட மூலைகளில் அழுத்திச் சரிசெய்யுங்கள்.

5. மேல்பலகை

45 முதல் 50 மி.மீ. தடிமன் போதும். பட்டைகளை (நீளமான மரத் துண்டுகளை) பக்கவாட்டில் ஒட்டிச் செய்வது தொடக்கக்காரர்களுக்கு எளிது. ஒட்டப்போகும் முகங்களை அன்றைக்கே இழையுங்கள். வெயிலும் தூசியும் பட்ட பழைய முகத்தில் பசை இறங்காது. ரேகைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும்படி அடுக்குங்கள், இல்லையென்றால் பின்னால் இழைக்கும்போது ஒரு பட்டை வழவழப்பாகும், அடுத்தது பிய்யும்.

முதலில் பசையில்லாமல் இறுக்கிப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் கிளாம்பை நம்பாமல் திரும்ப இழையுங்கள். ஒரே நேரத்தில் மூன்று நான்கு பட்டைகளுக்கு மேல் ஒட்டாதீர்கள், பசை முந்திக்கொண்டு காய்ந்துவிடும். கிளாம்ப்களை 20–25 செ.மீ. இடைவெளியில், ஒன்று மேலே ஒன்று கீழே என மாற்றிப் போட்டால் பலகை வளையாது. ஓரம் முழுக்கப் பசை சிறு மணிகளாகப் பிதுங்கினால் அளவு சரி. ஒரு நாள் விடுங்கள்.

சட்டத்தில் மாட்டும்போது முன் ஓரத்தை மட்டும் இறுக்கமாக ஸ்குரூ செய்யுங்கள். பின் ஓரத்து ஓட்டைகளை அகலவாக்கில் நீளமாக்கி வாஷர் போடுங்கள். ஈரப்பதம் மாறும்போது மரம் அகலத்தில் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். இடம் கொடுக்காவிட்டால் பலகை வெடிக்கும்.

மட்டமாக்க, நேரான இரு ரீப்பர்களை மேசையின் இரு முனைகளில் வைத்து, ஒரு முனையிலிருந்து கண்ணை ரீப்பர் மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். மேல் ஓரங்கள் இணையாகத் தெரியாவிட்டால் பலகை முறுக்கியிருக்கிறது. உயர்ந்த மூலைகளைக் குறுக்குச் சாய்வாகவும், கடைசியில் ரேகையோடும் இழையுங்கள்.

6. எண்ணெய்

பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம், வேலைத் துண்டு வழுக்கும். கொதித்த ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை போதும். 15 நிமிடம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், பூச்சுகளுக்கு இடையே ஒரு நாளாவது விடுங்கள். அந்தத் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள்: காயும்போது அதுவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெட்டவெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

சில மாதங்கள் கழித்துக் கால் போல்ட்களை ஒருமுறை முடுக்குங்கள்; மரம் சற்றுச் சுருங்கியிருக்கும்.