ஒற்றைத் தலைவலி மாத்திரைச் செலவைக் குறைக்க

ஒற்றைத் தலைவலியைத் தடுக்கத் தினமும் மாத்திரை எடுப்பவர்கள், பிராண்டுக்குப் பதில் 'புரோப்ரனலால் 40 மி.கி.' என்பதுபோல மருந்தின் மூலப்பெயரையே (ஜெனரிக் பெயர்) சீட்டில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். அந்தச் சீட்டோடு சேலத்தில் அரசுத் திட்ட மலிவு விலைக் கடைகளான மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் செலவு நன்றாகக் குறையும். உள்ளே இருப்பது அதே மருந்துதான். கம்பெனி பெயருக்கும் விளம்பரத்துக்குமான விலைதான் இதில் சேராது. ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்கள் முன்னதாகவே போனில் இருப்பைக் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் மிச்சமெல்லாம் பஸ் டிக்கெட்டில் போய்விடும்.

அட்டையில் 'எஸ்.ஆர்.', 'டி.ஆர்.' என்றிருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. சாதா மாத்திரை அதற்கு ஈடாகாது. புளூனரிசினும் புரோப்ரனலாலும் சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால், தனித்தனியாக எழுத முடியுமா என்று டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், கடைக்காரரிடம் அல்ல.