தன்னைத் தானே நிர்வகிக்கும் நெட்வொர்க்: எங்கே தவறுகிறோம்?

தன்னைத் தானே கண்காணித்துச் சரிசெய்துகொள்ளும் நெட்வொர்க்கை அமைப்பவர்கள், கோளாறைக் கண்டறியும் பகுதிக்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறார்கள். கண்டறிந்த பிறகு அது எந்த எல்லைவரை தானாகச் செயல்படலாம் என்று யோசிப்பவர்கள் குறைவு. பெரிய முடக்கங்கள் அங்கேதான் பிறக்கின்றன.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் தடங்கள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கை மென்பொருளிலும் பிழை. அடுத்து நடந்ததுதான் முக்கியம். தரவு மையத்தை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் கணினி), தன் இணைப்பில் கோளாறு என்று கருதி, தன்னை அடையும் வழியை இணையத்திலிருந்து விலக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒரு சர்வர் விலகினால் நல்ல ஏற்பாடு. அன்று எல்லாமே விலகின. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை அடைய வழியில்லை.

விலகலுக்கு வரம்பு வையுங்கள். பத்தில் ஒன்று பழுதென்றால் ஒதுக்கலாம். பத்துமே பழுதென்று தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் சோதனை முறையிலோ, எல்லாவற்றுக்கும் பொதுவான ஓரிடத்திலோ இருக்கும். அப்போது நெட்வொர்க் இருந்த நிலையிலேயே நின்று மனிதரை அழைக்க வேண்டும். இவ்வளவு எளிய விதியை எழுதாமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பொறியாளர்கள் பழுதுபார்க்க உள்ளே நுழையும் நிர்வாகப் பாதையையும் அதே நெட்வொர்க்கில் வைப்பது அடுத்த தவறு. ஃபேஸ்புக் முடங்கிய அன்று தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழிகளும் அடைபட்டன. பொறியாளர்கள் தரவு மையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. கடுமையான பாதுகாப்பைக் கடந்து கருவிகளைத் தொடவே நேரம் பிடித்தது. மாற்றுப் பாதை இருந்தால் மட்டும் போதாது. முதன்மைப் பாதையை அணைத்துவிட்டு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே பதிவேட்டை இரண்டு தானியங்கிகள் திருத்தும்போது காவல் இல்லாமல் விடுவதும் ஆபத்து. 2025 அக்டோபரில் அமேசானின் வர்ஜீனியா மேகக்கணினி மையங்களில், பின்தங்கிய தானியங்கி ஒன்று பழைய டிஎன்எஸ் திட்டத்தை, அதாவது பழைய முகவரிப் பட்டியலை, புதியதன் மேல் எழுதியது. மற்றொன்று அந்தப் பழைய திட்டத்தை அழித்தது. முகவரிப் பதிவு காலியானது. தானியங்கியால் அதிலிருந்து மீள முடியவில்லை, மனிதர்கள்தான் சரிசெய்தார்கள். அந்தக் கைவேலை மறந்துபோகாதபடி, தானியங்கியை நிறுத்திவைத்து அவ்வப்போது ஒத்திகை நடத்துங்கள். இரவுப் பணியில் இருக்கும் இளைய பொறியாளரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.