கொங்கு நாட்டிலிருந்து மைசூருக்கு: ஞாயிறு போய்த் திங்கள் திரும்புங்கள்

மூன்று வார லீவில் வெளிநாட்டிலிருந்து கோவையில் வந்து இறங்குகிறீர்கள். முதல் வாரம் கல்யாணம், காதுகுத்து. அடுத்த வாரம் குலதெய்வக் கோயில், அப்புச்சி வீட்டுக் கறி விருந்து, பேங்க் வேலை, பல் டாக்டர். மிச்சமிருப்பதில் இரண்டு நாள் தேறினால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்ற பேச்சு வரும், எல்லாரும் ஊட்டி என்பார்கள். ஊட்டிக்கு நான் எதிரி இல்லை, ஆனால் இப்போது அங்கே போகும் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், சீசனில் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். அந்த இரண்டு நாளுக்கு மைசூர் போகலாம் என்பது என் கட்சி. கோவையிலிருந்து சத்தி (சத்தியமங்கலம்), திம்பம், சாம்ராஜ்நகர் வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். நின்று நிதானமாகப் போனால் ஐந்து ஆறு மணி நேரம்.

எந்த நாளில் போகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சனிக்கிழமை கிளம்பலாம் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள், ஏற்காதீர்கள். மைசூர் அரண்மனைக்கு முழு விளக்கு அலங்காரம் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும்தான். மாலை 7 மணிக்கு ஏற்றுவார்கள், ஒரு மணி நேரத்துக்குள் அணைத்துவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள், அத்தனையும் பழைய குண்டு பல்பு வகை, அதனால்தான் அந்த மஞ்சள் வெளிச்சம். அதே ஞாயிறு பகலில் அரண்மனைக்குள் போனால் திருவிழாக் கூட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே ஞாயிறு மாலை வெளியே நின்று விளக்கைப் பாருங்கள், திங்கள் காலை உள்ளே போங்கள். உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, பிள்ளைகள் இருந்தால் அதையும் திங்களே முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது திம்பம் மலைப்பாதை. பண்ணாரியிலிருந்து காரப்பள்ளம் சோதனைச்சாவடி வரை புலிகள் காப்பகம். இரவு 9 முதல் காலை 6 வரை கார்களுக்கும் வழி கிடையாது, கனரக சரக்கு லாரிகளுக்கு மாலை 6 மணிக்கே அடைத்துவிடுவார்கள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு இது, சாவடியில் நின்று லண்டன் கதை பேசி ஒன்றும் ஆகாது. பந்திப்பூர் வழியாகச் சுற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அங்கேயும் இரவு 9 முதல் 6 வரை அடைப்புத்தான். காலை 6 மணிக்குத் திறந்ததும் ஏறிவிடலாம் என்று விடியலில் போய் நிற்காதீர்கள், இரவெல்லாம் காத்துக் கிடந்த லாரிகள் அப்போதுதான் வரிசையாக ஏறும். எட்டு மணி வாக்கில் பண்ணாரியில் இருந்தால் போதும். அம்மனைக் கும்பிட்டு, கொண்டுவந்த கட்டுச்சோற்றையோ இட்லியையோ அங்கேயே முடித்துக்கொண்டு மலை ஏறுங்கள், காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இலை விரிக்க முடியாது. பங்குனியில் குண்டம் (தீமிதி) திருவிழா சமயம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், கூட்டம் அப்படி.

மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. வெளிநாட்டில் நேர் ரோட்டிலேயே போய்ப் பழகிய பிள்ளைகளுக்குப் பத்தாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிடும். டாக்டரைக் கேட்டுவிட்டு வாந்தி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே கொடுங்கள், கையில் ஒரு எலுமிச்சம்பழம், கவர் இரண்டு. குரங்குக்குப் பிஸ்கட் போடாதீர்கள். ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் யானை ரோட்டுக்கு வருவது சகஜம், கரும்பு லாரி வரும் நேரம் அதற்குத் தெரியும். லாரியை மறித்து, தும்பிக்கையால் நாலு கரும்பை உருவிக்கொண்டு ஓரமாக நின்று மென்றுகொண்டிருக்கும். பார்த்தால் இறங்கிப் போட்டோ எடுக்காமல், ஹாரனும் அடிக்காமல், அது நகரும்வரை வண்டிக்குள்ளேயே இருங்கள். காட்டுக்குள் பல இடத்தில் சிக்னல் இருக்காது, வீட்டில் தேடாமல் இருக்க ஏறும் முன்பே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

வண்டி பேசும்போது ஒன்று கவனியுங்கள். மஞ்சள் போர்டு வண்டியாக இருக்க வேண்டும். "நம்ம மாமன் வண்டிதானுங்க, வெள்ளை போர்டு, குறைச்சு வாங்கிக்கலாம்" என்பார்கள். வழியில் ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான், எல்லை தாண்டும்போதும் தொல்லை. கர்நாடகா பர்மிட், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்தா, தனியா என்று கிளம்பும் முன்பே கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நாலு பேருக்குக் கார் சொன்னது சித்தி, பெரியம்மா, அவர்கள் பேரப்பிள்ளைகள் என்று டெம்போ டிராவலர் ஆகிவிடும், அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போவதானால் கோவை, ஈரோடு, சத்தியிலிருந்து இரண்டு மாநில அரசுப் பஸ்ஸும் ஓடுகிறது, நன்றாகவே இருக்கும். ரயிலை மறந்துவிடுங்கள். சத்திக்கும் சாம்ராஜ்நகருக்கும் நடுவே தண்டவாளம் கிடையாது, ஈரோட்டில் ஏறினால் பெங்களூரைச் சுற்றித்தான் மைசூர்.

மேலே ஏறிக்கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. நம் ஊரை மைசூர்க்காரர்கள் ஆண்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் உடையார்கள் கொங்கு நாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார்கள், பிறகு ஹைதர், திப்பு, 1799 வரைக்கும் கோவைச் சீமையின் வரி மலையேறித்தான் போனது. திம்பத்துக்கு மேற்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் கஜலட்டிக் கணவாய்தான் அந்தக் காலத்துப் படை வழி. 1790 செப்டம்பரில் திப்பு அதன் வழியாக இறங்கி வந்து சத்தியமங்கலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு மோதினான். கணவாய்க்குக் காவலாக நின்ற டணாயக்கன் கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்குள் இருக்கிறது. வரிப்பணம் கொண்டுபோனவர்களை மறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே சின்னமலை பறித்துக்கொண்டான் என்று சொல்லச் சொன்ன தீரன் சின்னமலையை நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதே சின்னமலை பிறகு வெள்ளைக்காரனை எதிர்க்கத் திப்புவோடு சேர்ந்தார், 1805இல் சங்ககிரியில் தூக்கில் போட்டார்கள். இதைக் கேட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்கு மைசூர் வெறும் போட்டோ எடுக்கும் இடமாக இருக்காது.

வழியில் நஞ்சன்கூட்டில் இறங்கலாம். கபினி ஆற்றங்கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில், திப்பு தன் பட்டத்து யானையின் கண் குணமானதற்காக மரகத லிங்கம் கொடுத்ததாகச் சொல்வார்கள். மதியம் நடை சாத்தியிருக்கலாம், பதினொன்று பன்னிரண்டுக்குள் சேருங்கள். சீசனில் ரசபாளே வாழைப்பழம் கிடைத்தால் ஒரு சீப்பு வாங்குங்கள்.

மைசூரில் ரூம் போடும்போது நீங்கள் வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுப் பிரஜை தங்கினால் விடுதிக்காரர் போலீசுக்குத் தகவல் பதிய வேண்டும், அந்த வேலைக்குப் பயந்து சின்ன லாட்ஜ்கள் கடைசி நேரத்தில் ரூம் இல்லை என்பார்கள். பாஸ்போர்ட், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இரண்டும் அசல் கையில் இருக்கட்டும். தொல்லியல் துறை இடங்களில் ஓசிஐ வைத்திருப்பவருக்கு இந்தியர் கட்டணம்தான், கார்டைக் காட்டாவிட்டால் வெளிநாட்டவர் டிக்கெட், அது பல மடங்கு. அரண்மனை மாநில அரசின் கையில் இருப்பது, அங்கேயும் கார்டை நீட்டிக் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்து சாமுண்டி மலை. மதியம் 2 மணிக்கு நடை சாத்தினால் 3.30க்குத்தான் திறப்பார்கள், அதற்கேற்பப் போங்கள். ஆயிரம் படி இருக்கிறது, பெரியவர்களுக்கு வேண்டாம், வண்டி மேலேயே போகும். இறங்கும்போது ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தியிடம் நிறுத்தச் சொல்லுங்கள். ஆறரைக்கெல்லாம் அரண்மனை வாசலில் இருக்க வேண்டும், அதற்கப்புறம் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

திங்கள் காலை 10 மணிக்கு அரண்மனை திறக்கும். செருப்பை வெளியே விட வேண்டும், காலை வெயிலில் பரவாயில்லை, மதியம் கல் சுடும். இப்போது நிற்கும் கட்டடம் பழசு என்று நினைக்காதீர்கள். 1897இல் இளவரசி ஜெயலட்சம்மணியின் கல்யாணத்தின்போது மர அரண்மனை எரிந்துபோய், ஹென்றி இர்வின் வரைந்து 1912இல் கட்டி முடித்தது. எழும்பூர் ஸ்டேஷனும் அவர் கைவண்ணம்தான், கும்மட்டங்களைப் பார்த்தால் சாயல் தெரியும். கல்யாண மண்டபத்தில் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். அண்ணாந்தால் எண்கோணக் கூரை முழுக்க மயில் போட்ட வண்ணக் கண்ணாடி, தாங்கும் இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்து வந்தவை. சுற்றுச் சுவரில் தசரா ஊர்வலம் ஓவியமாக ஓடும், யானை, குதிரை, பேண்டு வாத்தியக்காரர் என்று ஒவ்வொரு முகமும் வேறு. கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், நீங்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுங்கள். தங்க அம்பாரியைப் பார்க்கலாம், தங்கச் சிம்மாசனம் தசரா சமயத்தில் மட்டுமே வெளியே வரும். அதற்காகத் தசராவுக்கே போகிறேன் என்றால் பல மாதம் முன்பே ரூம் போட்டாக வேண்டும், கைக்குழந்தையோடு வேண்டவே வேண்டாம்.

பிருந்தாவனத் தோட்டமா ஸ்ரீரங்கப்பட்டணமா என்று கேட்டால் தயங்காமல் ஸ்ரீரங்கப்பட்டணம் என்பேன். கலர் விளக்கு நீரூற்று எங்கேயும் இருக்கிறது. காவிரித் தீவில் திப்புவின் தலைநகராக இருந்த ஸ்ரீரங்கப்பட்டணம் மைசூரிலிருந்து அரை மணி நேரம்தான், திங்கள் காலை ரங்கநாதரை முதலில் பார்த்துவிட்டு 1784இல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகைக்குப் போங்கள். அதன் சுவரில் 1780 பொள்ளிலூர்ப் போர் தீட்டியிருக்கிறது, நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த சண்டை. வெள்ளைக்காரத் தளபதி பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார், அருகே வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, சுற்றிலும் குதிரைப்படை நெருக்கிக்கொண்டு வருகிறது. 1799 மே 4ஆம் தேதி திப்பு விழுந்த இடமும், அவன் சமாதியான கும்பஸும் அதே தீவில். இதை முடித்துக்கொண்டு பதினொன்றுக்கு அரண்மனைக்கு வந்தாலும் பரவாயில்லை. வயதானவர்கள் கூட இருந்தால் இந்த ஓட்டம் ஆகாது, இன்னொரு இரவு தங்கிவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன் ஆட்டோக்காரர் கதை. "அரண்மனை இப்போ மூடியிருக்கு சார், மார்க்கெட் காட்டறேன்" என்று நல்ல தமிழிலேயே பேசி அத்தர், ஊதுபத்திக் கடைக்குக் கூட்டிப்போவார்கள், மைசூரில் தமிழ் தெரிந்தவர் ஏராளம். வாசல் வரை போய் நீங்களே பாருங்கள். பட்டு வாங்குவதானால் கர்நாடக அரசின் பட்டு நிறுவனக் கடையில் மட்டும், ஒவ்வொரு சேலைக்கும் தனி எண் இருக்கும், சில நாள் காலையிலேயே வரிசை நிற்கும். சந்தனம் சோப்பாகவோ எண்ணெயாகவோ அரசுக் கடையில் வாங்குங்கள், கட்டையாகத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறச் சட்டம் இடம் தராது. தேவராஜ மார்க்கெட் பக்கம் கிடைக்கும் மைசூர்பாகு கோவைக்காரர் நாக்குக்குக் கொஞ்சம் கெட்டி. எனக்கு அந்தப் பொறபொறப்புப் பிடிக்கும், வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

திங்கள் மதியம் இரண்டரைக்குள் மைசூரை விட்டுக் கிளம்பினால் இருட்டும் நேரத்தில் பண்ணாரி இறங்கிவிடலாம். காவிரித் தண்ணீர்ப் பிரச்சனை கிளம்பும் சமயத்தில் தமிழ்நாட்டு நம்பர் வண்டியை எல்லையில் நிறுத்துவது நடந்திருக்கிறது, முந்தின நாள் இரவு செய்தி பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் திரும்பும் விமானத்துக்கும் இந்தப் பயணத்துக்கும் நடுவே இரண்டு நாளாவது இடைவெளி வையுங்கள். திம்பத்தில் ஒரு லாரி வளைவில் சிக்கிக் குறுக்கே நின்றுவிட்டால் கிரேன் வரும்வரை யாரும் நகர முடியாது.