பன்றி விலாவுக்குப் புகை போடும் முறை: டிரம், மாவிறகு, ஆறு மணி நேரம்

கறிக்கடையில் விலா என்று வாயெடுத்ததுமே கத்தி இறங்கிவிடும். குழம்புக்குத்தான் கேட்கிறார்கள் என்று கடைக்காரரே முடிவு கட்டிவிடுவார். ஆகவே எடை போடும் முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, துண்டு போடாதீங்க. பத்துப் பன்னெண்டு எலும்பு ஒண்ணா இருக்கிற முழுப் பலகையா வேணும். தோலை எடுத்துடுங்க." தோலோடு புகை போட்டால் தோல் ரப்பராகும். அந்தப் பக்கம் உப்பும் இறங்காது, புகையும் ஏறாது.

பண்ணையில் வளர்ந்த வெண்பன்றிதான் இதற்குச் சரி. ஒரு பலகை 1.2 முதல் 1.5 கிலோ வரை வரும். எட்டுப் பேருக்கு மூன்று பலகை போதும். நாட்டுப் பன்றியின் விலாவில் சதை மெலிசு, மூன்று மணி நேரச் சூட்டில் காய்ந்து கருவாடாகிவிடும். அதைக் குழம்புக்கே விட்டுவிடுங்கள். எந்தப் பன்றியானாலும் சதைக்குள் வெள்ளையாக அரிசி மணி போலத் தெரிந்தால் வாங்காதீர்கள். அது நாடாப்புழுக் கூடு.

சவ்வும் உப்பும்

இது முதல் நாள் ராத்திரி வேலை. பலகையைத் திருப்பி எலும்புப் பக்கம் பார்த்தால் பளபளவென்று ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். ஓரத்திலிருந்து இரண்டாவது எலும்பின் மேல் ஸ்பூன் காம்பை அதன் அடியில் நுழைத்து நெம்புங்கள். விரல் நுழையும் அளவு தூக்கியதும், வழுக்காமல் இருக்க பழைய பருத்தித் துணியால் பிடித்து, பலகையின் நீளத்துக்கு நிதானமாக இழுங்கள். கை பழகிவிட்டால் ஒரே உரியில் வந்துவிடும். விட்டுவிட்டால் வெந்த பிறகு பல்லில் பாலிதீன் மாதிரி மாட்டும்.

ஒரு கிலோ கறிக்கு: கல்லுப்புப் பொடி 12 கிராம், நாட்டுச் சர்க்கரை 15, மிளகாய்த்தூள் 8, ஒன்றிரண்டாக இடித்த மிளகு 6, மல்லித்தூள் 5, சீரகத்தூள் 3. உப்பை மட்டும் ராத்திரியே தடவி, மூடாமல் பிரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள். மற்றதை அடுப்பில் ஏற்றுவதற்கு அரை மணி முன்பு தூவி அமுக்கினால் போதும்.

இஞ்சி பூண்டு விழுதும் தயிரும் எடுக்கக் கை தானாகப் போகும். வேண்டாம். ஈர மசாலா இருக்கும்வரை மேல்தோல் காயாது. அது காய்ந்தால்தான் கருஞ்சிவப்பாக ஒரு பொருக்கு கட்டும். புகை போட்ட கறியின் ருசியில் பாதி அந்தப் பொருக்கில்தான். போதாக்குறைக்குப் பூண்டு கருகிக் கசக்கும்.

டிரம்

மூடி முழுசாகக் கழலும் 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்று தேடுங்கள். சமையல் எண்ணெய், மாங்கூழ் போன்ற உணவுப் பொருள் வந்ததாக இருக்கட்டும். கெமிக்கல் வந்த டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். முதலில் உள்ளே விறகைக் குவித்து ஒரு மணி நேரம் எரித்து, பூச்சு முழுக்கப் போன பிறகு தேய்த்துக் கழுவுங்கள்.

அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில், சுற்றிலும் நான்கு ஓட்டை, ஒவ்வொன்றும் 20 மில்லிமீட்டர். மூடியிலும் அதே அளவில் நான்கு. கரிக்கு ஒரு கம்பிக்கூடை, அதற்கு மேல் ஒன்றரை அடி விட்டுத் தண்ணீர்த் தட்டு, இன்னும் அரை அடி மேலே கறி வைக்கும் கம்பித்தட்டு. கம்பி ஸ்டீலாக இருக்கட்டும். வேலிக்குக் கட்டும் ஜி.ஐ. வலையில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. கறிக்குக் கீழே சூட்டில் அது இருக்கக் கூடாது.

சூடு பார்க்க டயல் தெர்மாமீட்டர் ஒன்று தேவை. முள் கம்பித்தட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும்; மூடியில் குத்தினால் வேறு கணக்கு காட்டும். வாங்கியதும் கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பாருங்கள். தர்மபுரியில் 98 டிகிரியை ஒட்டி நிற்கும், மேட்டில் இருக்கும் ஓசூரில் 97. நூறு வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

விறகு

இந்த விஷயத்தில் கிருஷ்ணகிரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மாவிறகின் புகை மிதமானது, பன்றிக்கறியோடு நன்றாகச் சேரும். அறுவடை முடிந்து தோப்பில் கவாத்து பண்ணும்போது கேட்டால் கிளை கிடைக்கும். ஆனால் பச்சையாக அப்படியே போடக் கூடாது. பட்டையைச் செதுக்கி, ஆறு மாதமாவது நிழலில் காய வேண்டும். இரண்டு துண்டைத் தட்டினால் ‘டக்’ என்று கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். முஷ்டி அளவில் ஆறேழு துண்டு போதும். கொய்யாவும் நல்ல விறகு. சீமைக்கருவேலம் அமெரிக்கர்கள் மெஸ்கீட் என்று சொல்லும் மரத்தின் பங்காளி. புகை காட்டமாக இருக்கும், ஆகவே கரியாக மட்டும் பயன்படுத்துங்கள். வேம்பு, தைலமரம், பெயிண்ட் அடித்த பலகை, பேக்கிங் பெட்டி மரம் எதுவும் ஆகாது.

விறகைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். ஊறிய துண்டு முதலில் நீராவிதான் விடும், அது வற்றிய பிறகுதான் புகையும். லாபம் எதுவும் இல்லை.

நெருப்பை அல்ல, காற்றை

ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டரைக்குப் பற்ற வையுங்கள். கூடையில் நான்கு கிலோ மரக்கரியைப் பற்றவைக்காமல் கொட்டி, விறகுத் துண்டுகளை அங்கங்கே புதையுங்கள். நடுவில் ஒரு குழி பறித்து, தனி அடுப்பில் சிவக்கச் சிவக்கப் பழுத்த பத்துப் பன்னிரண்டு கரித்துண்டை அதில் போடுங்கள். நெருப்பு மேலிருந்து மெல்லப் பரவும். அதனால்தான் ஐந்தாறு மணி நேரம் தாங்கும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தால் கடைசி எலும்புவரை அதே வாடைதான். கொட்டாங்குச்சியை அந்தத் தனி அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தட்டில் இரண்டு லிட்டர் வெந்நீர். கொழுப்பு கரியில் சொட்டித் தீ எழாமல் அது தடுக்கும், சூட்டையும் ஒரே மட்டத்தில் வைக்கும்.

மூடியை மூடியதும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும். அப்போது கறியை ஏற்றினால் நாக்கு மரத்துப்போகிற கசப்புதான் மிச்சம். அரை மணி பொறுங்கள். ஓட்டைக்கு மேல் கானல் போல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மெல்லிய நீலப் புகைதான் கணக்கு. 110 டிகிரி செல்சியஸ் வந்ததும் ஏற்றுங்கள், எலும்பு கீழே, சதை மேலே. மூன்றாவது பலகை இடிக்கும். இரண்டாக வெட்டி ஓரத்தில் வையுங்கள்.

இனி வேலை எல்லாம் கீழ் ஓட்டைகளில். 120 தாண்டினால் ஒவ்வொன்றாகக் களிமண்ணாலோ காந்தத்தாலோ அடையுங்கள். 105க்குக் கீழே போனால் ஒன்றைத் திறங்கள். ஒரு ஓட்டையைத் தொட்டால் பலன் தெரியக் கால் மணி ஆகும், அதற்குள் அடுத்ததைத் தொடாதீர்கள். மேல் ஓட்டைகள் எப்போதும் திறந்தே இருக்கட்டும். அதை அடைத்தால் புகை உள்ளேயே தேங்கிக் கறியில் தாராகப் படியும். ஆடி மாதக் காற்றில் சூடு தானாக ஏறும், ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள். எல்லா ஓட்டையும் திறந்தும் சூடு இறங்கினால் அடியில் சாம்பல் மண்டியிருக்கும். ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுக் கிளறினால் சரியாகும்.

வருகிறவர் ஒவ்வொருவரும் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். மாமாவாக இருந்தாலும் தடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தூக்கலுக்கும் கால் மணி நேரச் சூடு போகும், மூடியதும் கரியும் திமிறி எழும்.

வாசலில், மொட்டை மாடியில் வைக்கலாம். ஷட்டர் போட்ட போர்ட்டிகோவில் வேண்டாம். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது.

மூன்றாவது மணிக்குப் பிறகு

பொருக்கு நகத்தால் சுரண்டினாலும் வராத அளவு பிடித்ததும் எடுங்கள். நெருப்பில் வாட்டிய வாழை இலையில் இரண்டு ஸ்பூன் புளிக்கரைசல் தெளித்து, பலகையைச் சதை கீழே இருக்கும்படி வைத்துச் சுற்றி, மேலே அலுமினியத் தாளை இறுக்கிக் கட்டி மறுபடி ஒன்றரை மணி. இந்தக் கட்டு எதற்கு என்றால், 70 டிகிரி வாக்கில் கறி வியர்க்கத் தொடங்கும். வியர்வை ஆறும் குளிர்ச்சியில் உள்சூடு நகராமல் மணிக்கணக்கில் நின்றுவிடும். கட்டினால் ஈரம் வெளியேறாது, சூடு 90ஐத் தாண்டும், எலும்பைப் பிடித்திருக்கும் ஜவ்வு கரைந்து பிசுபிசுப்பாகும். அதிக நேரம் கட்டி வைத்தால் பொருக்கு ஊறி, குக்கரில் வேகவைத்த கறியாகிவிடும்.

அந்த நேரத்தில் சாஸ் காய்ச்சுங்கள். பெங்களூரா மாங்கூழ் 200 மில்லி, எலுமிச்சை அளவு புளியின் கெட்டிக் கரைசல், வெல்லம் 60 கிராம், மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், உப்பு ஒரு ஸ்பூன். கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும்வரை கொதிக்கட்டும். மாம்பழம் இல்லாத காலத்தில் நான்கு பழுத்த தக்காளி. கட்டைப் பிரித்து, சாஸை மெல்லியதாகப் பூசி, கடைசி அரை மணி திறந்தபடி டிரம்மில். முதலிலேயே பூசினால் வெல்லம் கருகும்.

பதம் பார்க்க இடுக்கியால் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துத் தூக்குங்கள். பலகை வளைந்து மேல்பொருக்கு வெடிக்க வேண்டும். எலும்பு நுனி ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். இரண்டு எலும்புக்கு நடுவே துடைப்பத்து ஈர்க்குச்சியைக் குத்தினால் வெண்ணெயில் போவது போல இறங்க வேண்டும். எலும்பு தானே உருவிக்கொண்டு வந்தால் ஒரு படி தாண்டிவிட்டது என்று அர்த்தம். இருந்தாலும் நம் ஆட்களுக்கு அதுதான் பிடிக்கும்.

வெட்டியதும் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு வளையம் தெரியும், யாராவது ஒருவர் "வேகலையே" என்பார். விறகு எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடு கறியின் சிவப்பைப் பிடித்து வைத்ததால் வந்த நிறம் அது. தெர்மாமீட்டரைக் குத்தி 90ஐக் காட்டிவிடுங்கள்.

முன்கூட்டியே முடிந்துவிட்டால் தாளில் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் ஒரு மணி நேரம் சூடு குறையாது. பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் வருவார்கள் என்றால் அவர்களுக்கான கோழிக்குத் தனி அடுப்பு, தனிக் கத்தி, தனி இடுக்கி. இலையின் அடியில் தேங்கியிருக்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு ஒரு கொதி விட்டால், சூடான கேழ்வரகுக் களிக்கு வேறு குழம்பு வைக்க வேண்டியதில்லை.